ஏழு மணிக்கு வரச் சொன்னவர்கள்

ஸ்கோப் என்ற கமராக் குழாயை வாய்வழியாக விட்டு வயிற்றுக்குள் பார்க்கும் என்டொஸ்கொபிக்கு, எங்கள் பக்கத்து அரச வைத்தியசாலைகளில் நாள் குறித்துக் கொடுக்கும்போது சொல்லும் வாக்கியம் பல வருடமாக ஒன்றுதான்: "ராத்திரி பத்து மணிக்குப் பிறகு ஒன்றும் சாப்பிடாம, காலையில ஏழு மணிக்கு வாங்க." அன்றைய லிஸ்ட்டில் பதினைந்து பேர் இருந்தால் பதினைந்து பேருக்கும் அதே வாக்கியம். ஏழு மணிக்கு அறையில் ஒரு தாதியும் ஒரு சிற்றூழியரும் இருப்பார்கள். சத்திர சிகிச்சை நிபுணர் வார்ட் எல்லாம் பார்த்து முடித்து வர ஒன்பதரையாகும். கடைசி ஆளின் முறை வரும்போது பிற்பகல் மூன்றைத் தாண்டியிருக்கும். அவர் கல்பிட்டிக்கு அந்தப் பக்கம் கண்டக்குழியிலிருந்து வந்தவர் என்றால், இருட்டோடு எழுந்து முதல் பஸ்ஸைப் பிடித்திருப்பார். பதினேழு மணித்தியாலமாக வயிற்றில் பச்சைத் தண்ணீர்கூட இல்லை. "இண்டைக்கு இனி ஏலாது, அடுத்த கிழமை வாங்க" என்று அவரிடம் சொல்வது தாதியின் வேலை. நிபுணர் சொல்வதில்லை, பணிப்பாளர் சொல்வதில்லை.

சிலாபத்திலிருந்து கல்பிட்டி வரையான இந்தக் கரையில் ஒன்றுக்கு மேற்பட்ட வைத்தியசாலைகளில் வேலை செய்திருக்கிறேன். அதில் பெரும்பகுதி என்டொஸ்கொபி அறையிலும் சின்ன தியேட்டரிலும். இலங்கையில் இந்தப் பரிசோதனைக்கு அரச வைத்தியசாலையில் ஒரு சதமும் கொடுக்கத் தேவையில்லை. அது பெரிய விஷயம், அதில் எனக்குப் பெருமை உண்டு. ஆனால் நோன்புக் கஞ்சிபோல வாசலில் வைத்துக் கொடுப்பதாலேயே, வாங்க வந்தவர் எவ்வளவு நேரம் வெயிலில் நின்றார் என்று யாரும் கேட்பதில்லை. உப்பளத்தில் கூலிக்கு நிற்பவருக்கு அன்றைய சம்பளம் போய்விடும். துணைக்கு வந்த மகனுக்கும் போகும். இந்த நட்டம் எந்த ரெஜிஸ்டரிலும் ஏறாது. லிஸ்ட்டில் எத்தனை பேர், எத்தனை பேருக்குச் செய்தோம் என்பதற்கு மாதாந்த அறிக்கையில் கட்டம் உண்டு. எத்தனை மணித்தியாலம் காத்திருந்தார்கள் என்பதற்குக் கட்டம் இல்லை.

அதனால் நாங்களே ஒரு சி.ஆர். கொப்பி போட்டோம். ஆள் வந்த நேரம், உள்ளே போன நேரம், ஸ்கோப் போட்ட நேரம், எடுத்த நேரம், ஸ்கோப் கழுவப் போன நேரம், திரும்பி வந்த நேரம். சில கிழமைகள் எழுதியதுமே பிரச்சினை எங்கே இருக்கிறதென்று தெரியத் தொடங்கிவிட்டது. நாங்கள் எல்லோரும் நினைத்திருந்த இடத்தில் அது இல்லை.

வயிற்றுக்குள் பார்க்கும் பரிசோதனை, தொண்டைக்கு லிக்னொகேய்ன் ஸ்பிரே அடித்துவிட்டால், பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் முடியும். பதினைந்து பேர் என்றால் இரண்டரை மணித்தியாலம். ஒன்பதரைக்குத் தொடங்கினாலும் பன்னிரண்டுக்கு முடிந்திருக்க வேண்டும். ஆனால் நாங்கள் மூன்றரைக்கும் முடிக்கவில்லை. டொக்டர் மெதுவாகச் செய்கிறார் என்று வெளியே பேச்சு. நோயாளிகள் பிந்தி வருகிறார்கள் என்று உள்ளே பேச்சு. கொப்பியைப் பார்த்தால் இருவர் மீதும் பிழை இல்லை. நேரம் போனது கழுவும் தொட்டியில்.

ஒரு ஸ்கோப்பை ஒருவருக்குப் பயன்படுத்தி எடுத்ததும் கட்டிலருகிலேயே வெளிப்புறத்தைத் துடைத்து, குழாய்களுக்குள் திரவத்தை உறிஞ்சவிட வேண்டும். பிறகு கழுவும் அறைக்குக் கொண்டுபோய் ஓட்டை இருக்கிறதா என்று காற்றடித்துச் சோதிக்க வேண்டும். என்சைம் திரவத்தில் போட்டு, ஒவ்வொரு குழாயையும் நீண்ட பிரஷ்ஷால் தேய்த்து அலச வேண்டும். அதன் பிறகு 2 சதவீத குளூட்டரல்டிஹைட்டில் 20 நிமிடம் முழுதாக அமிழ்த்தி வைக்க வேண்டும். எடுத்து, நல்ல தண்ணீரில் அலசி, ஸ்பிரிட் ஓட்டி, காற்றடித்துக் காயவைத்தால்தான் அடுத்த ஆளின் தொண்டைக்குள் அது போகலாம். எல்லாம் சேர்த்து நாற்பது நிமிடம். எங்களிடம் வேலை செய்யும் நிலையில் இருந்தவை இரண்டு ஸ்கோப். ஒன்று ஒரு சுற்று முடித்து வர ஐம்பது நிமிடம். இரண்டும் மாறி மாறி வந்தால் சராசரியாக இருபத்தைந்து நிமிடத்துக்கு ஒரு ஆள். பதினைந்து பேருக்கு ஆறு மணித்தியாலத்துக்கு மேல். டொக்டர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் இந்தக் கணக்கை மாற்ற முடியாது.

இந்த நாற்பது நிமிடத்தில் ஒரு நிமிடத்தையும் களவெடுக்கக் கூடாது. அவசரம் என்று இருபது நிமிட ஊறலைப் பத்தாக்கினால் ஒருவருடைய கிருமி இன்னொருவருக்குப் போகக்கூடும். கூட்டம் கூடும்போது வெளியிலிருந்து வரும் நெருக்கடி அந்த இடத்தில்தான் வந்து அழுத்தும் என்பதால் இதைத் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். புதிதாக வரும் பிள்ளைகளுக்கு நான் முதல் நாள் சொல்வதும் இதுதான்: வரிசை நீண்டால் நீளட்டும், தொட்டியில் கை வைக்காதே.

வேறு வழிகள் இருந்தன. கழுவுவதற்கென்று நின்ற சிற்றூழியர் நானாவை நாங்களே அடிக்கடி அங்கிருந்து இழுத்துக்கொண்டிருந்தோம். ட்ரொலி தள்ள, ஃபைல் எடுத்துவர, லாபுக்கு போத்தல் கொண்டுபோக. அவர் போயிருந்த நேரமெல்லாம் அழுக்கு ஸ்கோப் தொட்டியருகே கிடந்தது. நாற்பது நிமிடம் ஐம்பதானதும் அறுபதானதும் அதனால்தான். என்டொஸ்கொபி நாளில் அவரை யாரும் கூப்பிடக் கூடாது என்று தீர்மானித்தோம். ஓட வேண்டிய வேலைக்கு வார்ட்டிலிருந்து ஒருவரைக் கேட்டு வாங்கினோம். பழுதென்று அலுமாரியில் கிடந்த மூன்றாவது ஸ்கோப்பைத் திருத்த அனுப்பும்படி கடிதம் மேல் கடிதம் எழுதினோம். அது திரும்பி வந்த பிறகு பதினேழு நிமிடத்துக்கு ஒரு ஆள் என்று கணக்கு இறங்கியது. நானாவுக்குப் பெரிய படிப்பு இல்லை. ஆனால் அந்த அறையின் வேகத்தைத் தீர்மானித்தவர் அவர்தான். அதை நிபுணர் முன்னாலேயே சொன்னேன், நிபுணரும் ஒப்புக்கொண்டார்.

அடுத்தது, எல்லோரையும் ஏழு மணிக்கு அழைப்பது. இது எங்கள் நாட்டுப் பழக்கம் மட்டுமல்ல. இங்கிலாந்தில் நோர்மன் பெய்லி என்ற புள்ளியியல் ஆய்வாளர் 1952இல் இதே விஷயத்தை ஆராய்ந்து எழுதினார். கிளினிக்குகளில் நோயாளர்கள் மணிக்கணக்கில் காத்திருப்பதற்குக் காரணம், டொக்டர் ஒரு நிமிடம்கூடச் சும்மா இருக்கக்கூடாதென்று எல்லோரையும் முன்கூட்டியே வரவழைத்து வைப்பது என்று காட்டினார். தொடக்கத்தில் இரண்டு பேரை மட்டும் தயாராக வைத்திருங்கள், மற்றவர்களுக்கு ஒருவரைப் பார்க்கச் சராசரியாக எவ்வளவு நேரமாகிறதோ அந்த இடைவெளியில் நேரம் கொடுங்கள் என்றார். அப்படிச் செய்தால் டொக்டரின் நேரம் கொஞ்சம்தான் வீணாகும், நோயாளியின் காத்திருப்பு வெகுவாகக் குறையும். இதைப் பயிற்சி வகுப்பு ஒன்றில் கேட்டபோது, பல தசாப்தங்களாக எழுதிக் கிடக்கும் விஷயம் எங்கள் வாசலுக்கு வந்து சேரவில்லையே என்று கோபம் வந்தது.

ஆனால் ஆளுக்கு ஆள் எட்டேகால், எட்டரை என்று நேரம் கொடுப்பது இந்தக் கரையில் சரிவராது. இங்கே நேரத்தை வைத்திருப்பது பஸ். கல்பிட்டியிலிருந்து பாலாவிச் சந்தி வரை ஏறத்தாழ 40 கிலோமீற்றர். வழியில் நுரைச்சோலை, ஆலங்குடா, தலவில என்று ஒவ்வொரு இடத்திலும் ஆள் ஏறும். ஒரு பஸ் தவறினால் அடுத்தது எப்போது என்று பஸ்காரருக்கே தெரியாத நாட்களும் உண்டு. அதனால் மூன்று கூட்டமாகப் பிரித்தோம். டவுனிலும் அண்டிய இடங்களிலும் இருப்பவர்கள் ஏழரைக்கு. பிரதான வீதியோரத்தில், ஒரே பஸ்ஸில் வரக்கூடியவர்கள் ஒன்பதுக்கு. இரண்டு பஸ் மாறி வருபவர்களும், படகில் கரைக்கு வந்து பஸ் ஏறுபவர்களும் பத்தரைக்கு. நாள் கொடுக்கும்போது முதல் கேள்வியே "எப்படி வருவீங்க?" என்றானது. கிளினிக் கொப்பியில் நாளோடு நேரத்தையும் எழுதி, அதைச் சுற்றி வட்டம் போட்டோம்.

முதல் மாதம் பெரும்பாலானோர் நேரத்தை மதிக்கவில்லை. பத்தரை என்று எழுதிக் கொடுத்தவர்கள் ஏழுக்கே வந்து நின்றார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. முந்தி வந்தவருக்கு முந்தி நம்பர் என்பதுதான் அவர்கள் வாழ்நாள் முழுதும் கண்ட ஒழுங்கு. "பிந்தி வந்தா எங்கட நம்பர் போயிடும் மகள்" என்று ஒரு பெரியம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். ஏழரைக்காரரை ஏழரைக்கும் பத்தரைக்காரரைப் பத்தரைக்கும் பிசகாமல் கூப்பிட்டுக் காட்டுவதைத் தவிர அவருக்குச் சொல்ல வேறு பதில் இல்லை. அப்படிக் கூப்பிட வேண்டுமென்றால் அறை நேரத்துக்குத் தொடங்க வேண்டும். அது என் கையில் இல்லை.

நிபுணரிடம் பேசப் போனபோது கொப்பியையும் எடுத்துப்போனேன். "சேர், முதல் ஆள் உள்ள போற நேரம் ஒன்பதரைக்கு முன்னுக்கு ஒரு நாளும் இல்ல. கடைசி ஆள் மூன்றரை. சேர் வார்ட் பார்க்கிறத அந்த ஒரு நாளைக்கு மட்டும் லிஸ்ட்டுக்குப் பிறகு வச்சா என்ன?" அவர் பக்கங்களைப் புரட்டிப் பார்த்தார். வார்ட்டில் சத்திர சிகிச்சை முடிந்து படுத்திருப்பவர்களை ஏழு மணிக்கே பார்க்காவிட்டால் தனக்கு நிம்மதியில்லை என்றார். அது நியாயம். கடைசியில் அன்று வார்ட்டை முதலில் அவருடைய சிரேஷ்ட டொக்டர் பார்ப்பது, அவசரம் இருந்தால் மட்டும் அவரைக் கூப்பிடுவது, மற்றவர்களை அவர் லிஸ்ட் முடித்துவிட்டு வந்து பார்ப்பது என்று முடிவானது. எட்டரைக்கு முதல் ஸ்கோப் போட்ட நாளில், ஒரு மணிக்குள் வராந்தா காலியாகிவிட்டது.

இந்த வேலையில் எனக்கு முன்மாதிரியாக இருந்தது மதுரை அரவிந்த் கண் வைத்தியசாலை. டொக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி அரச சேவையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, 1976இல் 11 கட்டிலோடு தொடங்கிய இடம். அங்கே ஒரு சத்திர சிகிச்சை நிபுணருக்கு இரண்டு மேசை. ஒன்றில் அவர் கட்டரக்ட் செய்துகொண்டிருக்கும்போது மற்றதில் அடுத்த நோயாளி தயாராகப் படுத்திருப்பார். மருந்து விட்டு, துணி போர்த்தி, கருவிகளை அடுக்கி வைத்திருப்பவர்கள் கிராமங்களிலிருந்து தெரிந்தெடுத்துப் பயிற்சி கொடுத்த பெண் பிள்ளைகள். நிபுணர் திரும்பி உட்கார்ந்தால் போதும். அதைப் பற்றிப் பேசுபவர்கள் பெரும்பாலும் வேகத்தைச் சொல்வார்கள். எனக்குப் படிப்பினையாக இருந்தது, தயார் செய்யும் வேலையைத் தனி வேலையாக மதித்து, அதற்கென்று ஆளைப் பழக்கியது. எங்களிடம் இரண்டாவது மேசை கிடையாது. ஆனால் ஒரு நாற்காலி போதும். அடுத்த ஆளை அறைக்கு வெளியே திரைக்குப் பின்னால் உட்காரவைத்து, சம்மதப் படிவத்தில் கையெழுத்து வாங்கி, பொய்ப்பல் கழற்றி, ஒவ்வாமை கேட்டு, ஸ்பிரே அடித்து வைத்தோம். முன்னர் இதெல்லாம் அவர் கட்டிலில் ஏறிய பிறகு நடந்தது.

பட்டினி விஷயத்துக்கு வருகிறேன். இதில் எனக்குச் சமரசம் கிடையாது. மயக்க மருந்துக்கோ இந்தப் பரிசோதனைக்கோ முன்னால் இலேசான திட உணவுக்கு ஆறு மணித்தியாலம், தெளிந்த நீருக்கு இரண்டு மணித்தியாலம் இடைவெளி போதும் என்பது பெரும்பாலானோருக்கு உலகம் முழுதும் பின்பற்றும் ஒழுங்கு. அமெரிக்க மயக்கவியல் சங்கம் 1999இலேயே இதை வழிகாட்டலாக வெளியிட்டது. அப்படியிருக்க, பிற்பகல் பார்க்கப்போகும் ஆளை முதல் நாள் இரவு பத்து மணியிலிருந்து தண்ணீர்கூட இல்லாமல் வைத்திருப்பதற்கு மருத்துவக் காரணம் எதுவும் இல்லை. எல்லோருக்கும் ஒரே வாக்கியம் சொல்வது எங்களுக்குச் சுலபம், அவ்வளவுதான். மூன்று கூட்டமாகப் பிரித்த பிறகு மூன்று வாக்கியம் எழுதினோம். தமிழிலும் சிங்களத்திலும் பெரிய எழுத்தில் அச்சடித்தோம். நீரிழிவுக்காரர் எங்கிருந்து வந்தாலும் அவரவர் கூட்டத்தில் முதலாவதாக. இன்சுலின் போடுவதா விடுவதா என்பதை நாள் கொடுக்கும்போதே டொக்டரிடம் கேட்டு எழுதிவிட வேண்டும். அந்தக் காலையில் கேட்டால் பிந்திவிடும்.

பொருளாதார நெருக்கடியோடு 2022 வந்தது. மார்ச் இறுதியில் நாளுக்குப் பத்து மணித்தியாலத்துக்கும் மேல் மின்வெட்டு. பேராதனை போதனா வைத்தியசாலை மருந்துத் தட்டுப்பாட்டால் வழக்கமான சத்திர சிகிச்சைகளை நிறுத்திவைத்ததும் அந்த மாதம்தான். ஜூன் கடைசியில் எரிபொருள் அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டும் என்று அரசாங்கம் அறிவித்தது. பஸ் இல்லை, த்ரீவீல் இல்லை, லிஸ்ட்டில் பதினைந்து பெயர் இருக்கும், வாசலில் நான்கு பேர் நிற்பார்கள். டொக்டரும் வந்து, ஜெனரேட்டருக்கு டீசலும் எரிந்து, நான்கு பேருக்குச் செய்துவிட்டுப் போவது பொறுக்க முடியாததாக இருந்தது. அப்போதுதான் முதல் நாள் பின்னேரம் ரெலிபோன் எடுக்கத் தொடங்கினோம். முதலில் எங்கள் சொந்த ஃபோனிலிருந்து. "நாளைக்கு வர வழி இருக்கா?" இல்லை என்றால் அந்த இடத்தை, நடந்தோ சைக்கிளிலோ வரக்கூடிய தூரத்தில் இருந்தவருக்குக் கொடுத்தோம்.

நெருக்கடி தணிந்த பிறகும் அந்தக் கோலை நிறுத்தவில்லை. வரமுடியுமா என்று கேட்கப் போய், வேறு பலதும் அதில் வெளிவந்தது. இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் குடிப்பவர் அதை நிறுத்துவது பற்றி யாரும் சொல்லவில்லை என்பார். மயக்க ஊசி போட்டால் அழைத்துப்போக ஆள் வேண்டும் என்பது இன்னொருவருக்குத் தெரிந்திருக்காது. தனியாக வருபவரைக் காலையில் திருப்பி அனுப்புவதைவிட, "ஊசி இல்லாம ஸ்பிரேயோட செய்யலாம், கொஞ்சம் கஷ்டமா இருக்கும், பரவாயில்லையா?" என்று முதல் நாளே கேட்டுவிடலாம். ஒருவருக்கு மூன்று நிமிடம். அன்றைய ரத்துகளில் பாதிக்கு மேல் இப்படித் தவிர்க்கக்கூடியவை என்பது என் அனுபவம்.

ஆனால் மூன்று மாதம் தள்ளி நாள் கொடுத்தால், முதல் நாள் கோலும் உதவாது. இந்தக் கரையில் மனிதர்கள் காற்றோடு இடம் மாறுகிறவர்கள். சோளகம் எழும்பினால் மேற்குக் கடல் கொந்தளிக்கும். உடப்பிலும் சிலாபம் பக்கத்திலும் உள்ள மீனவர்கள் பலர் முல்லைத்தீவு, திருகோணமலைக் கரைகளுக்குப் போய் வாடி போட்டுவிடுவார்கள். பங்குனியில் கிளினிக்குக்கு வந்தவருக்கு ஆனியில் நாள் கொடுத்தால் அவர் கொக்கிளாயில் இருப்பார். ஆடியில் உடப்பு திரௌபதை அம்மன் கோயில் தீமிதி, அந்த ஊரிலிருந்து யாரும் வெளியே வரமாட்டார்கள். தலவில புனித அன்னம்மாள் திருவிழா மார்ச்சிலும் ஓகஸ்ட்டிலும். அந்த நாட்களில் கல்பிட்டி வீதியில் பஸ்ஸில் கால் வைக்க இடமிருக்காது. வெங்காயம் கிண்டும் காலத்தில் தோட்டக்காரர் வரமாட்டார். எங்கள் லிஸ்ட் இதெல்லாம் தெரியாத ஒரு கலண்டரில் எழுதப்பட்டது. நாள் கொடுக்கும் மேசையில் இருந்த பிள்ளை வேறு மாவட்டத்திலிருந்து வந்தவர், அவருக்கு எப்படித் தெரியும்? ஊர்க்காரச் சிற்றூழியர்களை உட்காரவைத்து வருடக் கலண்டர் ஒன்றில் நிறம் பூசினோம்.

நோன்பு மாதத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். புத்தளத்திலும் கல்பிட்டியிலும் லிஸ்ட்டில் பெரும்பாலோர் முஸ்லிம்கள். 1990இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு வந்து இங்கேயே தங்கிய குடும்பங்களும் அதில் உண்டு. றமழானில் நாள் கொடுத்தால் பலர் வரமாட்டார்கள், வரமாட்டோம் என்று சொல்லவும் மாட்டார்கள். பிறகு பெருநாள் முடிந்த கிழமையில் எல்லோரும் ஒன்றாக வந்து நிற்பார்கள். இப்போது அவசரமில்லாதவர்களை முன்கூட்டியே கேட்டு, விரும்பினால் நோன்புக்கு முன்னரோ பெருநாளுக்குப் பின்னரோ நாள் கொடுக்கிறோம். அந்த மாதத்தின் இடங்கள் உடப்பு, முந்தல், சிலாபம் பக்கத்து மற்றவர்களுக்குப் போகும். விழுங்கக் கஷ்டப்படுபவர், கறுப்பாக மலம் போகிறவர், காரணமில்லாமல் மெலிகிறவர் என்றால் எந்த மாதமானாலும் தள்ளுவதில்லை. நோயாளிக்கு நோன்பைப் பிறகு நோற்கச் சலுகை இருப்பது அவர்களுக்கே தெரியும். ஆனாலும் டொக்டர் வாயால் அவசரம் என்று கேட்டால்தான் மனம் ஆறும். அதற்கு ஐந்து நிமிடம் ஒதுக்கச் சொல்லி டொக்டர்களைக் கேட்டிருக்கிறேன்.

இப்படித் தள்ளிவைக்கக் கூடாதவர்களைப் பற்றியே எனக்கு அதிகம் கவலை. ஒரு நாளில் காத்திருக்கும் மணித்தியாலம் ஒன்று, லிஸ்ட்டில் காத்திருக்கும் கிழமைகள் இன்னொன்று. கிளினிக் துண்டுகள் வந்த ஒழுங்கில் நாள் கொடுத்தால், மாதக்கணக்காக நெஞ்செரிவென்று வந்த இளைஞருக்குப் பின்னால் சோறு இறங்காத முதியவர் நிற்பார். உணவுக்குழாயில் புற்று இருந்தால் அந்தக் கிழமைகள் திரும்பக் கிடைக்காது. கிளினிக்கிலிருந்து வரும் துண்டுகளை ஒவ்வொரு வெள்ளியும் டொக்டர் ஒருவர் உட்கார்ந்து பிரிக்க வேண்டும் என்று ஒழுங்கு செய்தோம். சிவப்புக் கோடு போட்டவை இரண்டு கிழமைக்குள்.

ஒவ்வொரு லிஸ்ட்டிலும் அவசரத்துக்கென்று இரண்டு இடம் வெறுமையாக விடுகிறோம். நிர்வாகத்தில் இதை வீண் என்று சொன்னவர்கள் இருந்தார்கள். இந்தக் கரையில் தொண்டையில் மீன்முள் சிக்கி ஒருவராவது வராத கிழமை குறைவு. தென்னைத் தோட்டப் பக்கங்களிலிருந்து, குடியால் ஈரல் கெட்டு இரத்த வாந்தியோடு வருகிறவர்களும் இருக்கிறார்கள். இடம் விடாத நாளில் அப்படி ஒருவர் வந்தால் பின்னால் உள்ள ஐந்து பேரின் நேரம் சரியும். விட்ட நாளில் யாரும் வராவிட்டால், வார்ட்டில் படுத்திருப்பவர் ஒருவருக்குச் செய்துவிட்டு வீட்டுக்கு அனுப்பலாம், ஒரு கட்டில் காலியாகும்.

இன்னும் தீராதது, பெருங்குடலுக்குள் பார்க்கும் கொலனொஸ்கொபி. குடல் முழுதும் சுத்தமாகும்வரை மருந்துத் தண்ணீரை லீற்றர் கணக்கில் குடிக்க வேண்டும், இரவெல்லாம் மலசலகூடத்துக்குப் போகவேண்டும். பத்தலங்குண்டு போன்ற தீவில், நல்ல தண்ணீரைக் கேனில் வாங்கி, ஓலைக் கொட்டிலில் இருப்பவரிடம் இதை வீட்டில் செய்துவிட்டு வாங்க என்று சொல்வதில் அர்த்தமில்லை. சுத்தமாகாமல் வந்தால் ஒன்றும் தெரியாது, முழு நாளும் போய், திரும்ப நாள் கொடுக்க வேண்டும். அவர்களை முதல் நாளே வார்ட்டில் சேர்க்க இரண்டு கட்டில் கேட்டிருக்கிறோம். டெங்கு கூடும் மாதங்களில் அந்தக் கட்டில்களைத் தரமுடியாது என்கிறார் வார்ட் சிஸ்டர். அவர் பக்கமும் நியாயம் உண்டு. ஆடி பிறக்குமுன் இதற்கு ஒரு முடிவு காணவேண்டும் என்று அடுத்த கூட்டத்துக்கான கடிதத்தில் எழுதியிருக்கிறேன்.